சர்வேயர் வரும்வரை கதவைத் தொடாதீர்கள்

டொக்.

இன்ஷூரன்ஸ் தொழில் இராத்திரியில் போடும் சத்தம் இதுதான். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. காற்று லேசாகத் திரும்பினால் மறுபடி, டொக். முதல் இரண்டு இராத்திரி, யாரோ கொல்லையில் நின்று விரலை மடக்கித் தட்டுகிறார்கள் என்றே நினைத்து, பாப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு விடியும்வரை செபமாலை உருட்டினேன். இப்போது தெரியும். தாழ்ப்பாள் பிய்ந்துபோன கொல்லைக் கதவு, நிலைக்கும் முட்டுக் கொடுத்திருக்கும் அம்மிக்கல்லுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளியில் போய்ப் போய் வருகிறது. தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. காற்று தட்டும்போது கேட்கிற அதே சத்தம்தான் ஆள் தட்டும்போதும் கேட்கும்.

திருடன் கதவை உடைத்துப் பத்தொன்பது நாளாயிற்று. ஆசாரியைக் கூப்பிட்டால் அரைமணி நேர வேலை. கூப்பிடக் கூடாது என்று எனக்கு ரிஜிஸ்டர் தபாலில் கடிதம் வந்திருக்கிறது. நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை கதவில் எந்த மாற்றமும், எந்தச் செப்பனும் செய்யாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும், மீறினால் க்ளெய்ம் செல்லாது. கடிதத்தில் ஒரு பிழை கிடையாது. எப்படி இருக்கும்? டைப் அடித்தவள் நானேதான்.

சண்டை வந்து எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் பட்டாளத்துக்குப் போனபோது, கான்வென்ட் இங்கிலீஷும் பத்து விரலும் இருந்த காரணத்தால் தெப்பக்குளத்துப் பக்கத்து மாடியில் எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது. மதர் எனக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தது நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும். நான் அதை வைத்துக்கொண்டு தினமும் பத்திலிருந்து ஐந்துவரை, 'வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று வீடு பறிகொடுத்தவர்களுக்கு எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ரயில் வண்டியில் கார்டு உத்தியோகம். வாரத்தில் நாலு இராத்திரி தனுஷ்கோடி லைனில் இருப்பார். அந்த நாலு இராத்திரியும் நான் தூங்குவதில்லை. சும்மா உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்பதைவிட, பாலிசி வாங்கிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நாலு விஷயம் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆறு சூழ்ந்த ஊரில் நெருப்பு விற்றவர்

எங்கள் ஏஜெண்ட் நடேசன் பாலிசியை விற்பாரே தவிர, ஒருநாளும் படித்தவர் இல்லை. "வீட்டுக்கு ஒரு ஆபத்துன்னா கம்பெனி பாத்துக்கும்" என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே ஷரத்து. அந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஸ்ரீரங்கத்தில் ஒரு தெருவையே வளைத்துவிட்டார். அதில் ஒருவர் ஓய்வு பெற்ற வாத்தியார், ஐயங்கார் சுவாமி. போன வருஷ மழையில் ஆறு பெருகி, ஜலதாரை வழியாகத் தண்ணீர் எதிர்த்து ஏறி, அவர் வீட்டுப் பின்கட்டுச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பாலிசியைப் பட்டுத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

மானேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை வாசித்தார். நெருப்பு உண்டு, இடி உண்டு, மின்னல் உண்டு. பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது மாதிரி அச்சடித்திருந்த இடத்தையும் வாசித்தார். வெள்ளம் கிடையாது. ஆயிரக்கணக்கான பாசுர வியாக்கியானங்களை வரி விடாமல் படித்தவர், தன் வீட்டுப் பத்திரத்தின் பின்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்க்கவில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். சுவாமி பத்திரத்தை மறுபடி பட்டுத்துணியில் சுற்றினார். மூலையில் நழுவப் பார்த்த நடேசனைத்தான் பார்த்தார். "ஏன் ஓய், ரெண்டு பக்கமும் ஆறு ஓடற ஊர்ல இருக்கறவன் நெருப்புக்கா பயந்துண்டு கையெழுத்துப் போடுவான்?"

நாற்பது குடம்

பெரிய கடைவீதிப் பக்கம் காசிம் ராவுத்தரின் வீட்டில் சமையற்கட்டு தீப்பிடித்தது. தெரு முழுக்க ஓடிவந்தது. கிணற்றிலிருந்து கைமாற்றிக் கைமாற்றி நாற்பது குடம் ஊற்றி அணைத்தார்கள். எரிந்தது ஒரு பரண், ஒரு ஜன்னல். நனைந்தது மச்சு, மண் சுவர், மூட்டை அரிசி, மகள் நிக்காவுக்கு வாங்கி வைத்திருந்த துணிமணி. மூன்றாம் நாள் மச்சு இடிந்து விழுந்தது.

எங்கள் கணக்கு மிகச் சுத்தமானது. பரணும் ஜன்னலும் நெருப்பின் வேலை, கொடுக்கலாம். மற்றதெல்லாம் தண்ணீரின் வேலை. தண்ணீரை ஊற்றியது தெருக்காரர்கள். தெருக்காரர்களுக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் இல்லை. இதை நான் ஒன்றரைப் பக்கத்துக்கு அடித்தேன். வெட்கமாக இருக்கிறது, நல்ல இங்கிலீஷ். ராவுத்தர் அன்றிலிருந்து வியாழக்கிழமை தவறாமல் வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். சத்தம் போடுவதில்லை. முதல் வியாழக்கிழமை மட்டும் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார். "இனிமே தீப்பிடிச்சா, குடத்தையெல்லாம் கவுத்து வச்சுட்டு ஒக்காந்து பாருங்கன்னு தெருவுல சொல்லி வச்சிடறேங்க. முழுசா எரிஞ்சாத்தானே உங்களுக்குக் கணக்குச் சரியா வரும்?"

பேர் வெட்டின பாத்திரம்

உறையூரில் ஒரு வீட்டில் திருடர்கள் நுழைந்து பாத்திரம் பண்டமெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்காரர் நெசவுத் தறி வைத்திருப்பவர். பேச்சு எல்லாம் மனைவிதான். உப்பிலியபுரத்துப் பக்கம் பிறந்த வீடு. ஏழு பெண்களோடு பிறந்தவள் போல எதையும் கணக்காக வைத்திருந்தாள். எந்த அண்டா, எந்தத் தவலை, எதில் யார் பேர் வெட்டியிருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அடையாளம் சொன்னால்தானே கம்பெனி நம்பும் என்று அவள் நினைத்தாள். பாவம், அந்த ஒரு பக்கம்தான் அவளைக் கவிழ்த்தது.

நம் ஊரில் சீர்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பேரைத்தான் வெட்டுவார்கள். இது மதராஸ் மேலாபீசுக்குத் தெரியாதா? தெரியும். அவர்கள் வீட்டு அடுக்களையிலும் மாமனார் பேர் வெட்டின சொம்புதான் இருக்கும். ஆனாலும் எழுதினார்கள். பாலிசி கணவர் பேரில் இருக்கிறது, பட்டியலில் உள்ள சாமான்களோ ஆறு பேருடையவை, ஆகவே அந்த ஆறு பேரும் தனித்தனியே இன்ஷூர் செய்திருக்க வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவளுக்காக மேலாபீசுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து மானேஜர் சொல்லச் சொல்ல அதற்குப் பதிலும் நானே அடித்தேன். என் இங்கிலீஷை என் இங்கிலீஷே மறுத்தது. அவள் கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். "எங்கண்ணன் பேரு வெட்டுன அண்டாவுல இருபது வருஷமா நான்தாங்க தண்ணி ரொப்புறேன். அது எங்க வீட்டுச் சாமான்னு திருடனுக்கே தெரிஞ்சிருக்கு, படிச்ச உங்களுக்குத் தெரியலையே."

ஒரிஜினல்

இது சின்னது. ஒருவருடைய வீடு மேல்கூரை முதல் கீழ்ப்படி வரை எரிந்துவிட்டது. எங்கள் முதல் கடிதம் என்ன தெரியுமா? ஒரிஜினல் பாலிசியை உடனே தாக்கல் செய்யவும். அது பீரோவில் இருந்தது, பீரோ வீட்டில் இருந்தது என்று அவர் எழுதினார். நகல் செல்லாது என்று நாங்கள் எழுதினோம். நேரில் வந்தவர் மானேஜரைப் பார்க்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, என்னிடமே சொல்லிவிட்டுப் படியிறங்கினார். "பாலிசி பத்திரமா இருக்கணும்னா வீடு எரிஞ்சிருக்கக் கூடாதும்மா. வீடு எரியலைன்னா நான் எதுக்கு உங்க மாடிப்படி ஏறப்போறேன்?"

(பாலிசியை வீட்டில் வைக்காதீர்கள். நம்பிக்கையான வேறு ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். என்னுடையது எதிர்வீட்டுச் செல்லம்மா அக்காவின் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான்.)

சாம்பலுக்குக் காவல்

சர்வேயர் மதராஸிலிருந்து வருவார். எப்போது வருவார் என்று கேட்பது கடைசி நியாயத்தீர்ப்பு நாள் எப்போது என்று கேட்பது மாதிரி. வருவது நிச்சயம், நாள்தான் யாருக்கும் தெரியாது. மருங்காபுரிப் பக்கத்து விவசாயி ஒருவர். வைக்கோற்போரில் பிடித்த தீ வீட்டுக்கு ஏறிவிட்டது. எரிந்த இடத்தை அப்படியே வைத்திருக்கவும் என்று கடிதம் போயிற்று. மனுஷர் சொன்ன சொல் தவறாதவர். குடும்பத்தை வேப்பமரத்தடியில் ஓலை கட்டி வைத்துவிட்டு, ஆடு மாடு மிதிக்காமல் சாம்பலைச் சுற்றி முள்வேலி போட்டு இரண்டரை மாதம் காவல் காத்தார். நடுவில் மழை பெய்தது.

சர்வேயர் ஜட்காவிலிருந்து இறங்கி, குடையின் நுனியால் சாம்பலைக் கிளறிவிட்டு, நனைந்த சாம்பலை வைத்து நஷ்டத்தை மதிப்பிட இயலாது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். விவசாயி ஆபீசுக்கு வந்தபோது கோபமாகக்கூட இல்லை. உண்மையிலேயே தன்மேல் ஏதோ தப்பு என்ற முகத்தோடு நின்றார். "சாம்பலுக்கு ஒரு கூரை போடணும்னு மொதல்லயே ஒரு வரி எழுதியிருந்தா, புள்ளைங்க மேல இருந்த ஓலையப் பிரிச்சு அதுக்குப் போட்டிருப்பேனுங்களே."

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். சிரித்தோம். ஆண்டவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

என் வீட்டுக் கதவு

பாலக்கரையில் என் அப்பா வைத்துவிட்டுப் போன சின்ன வீடு. சிப்பந்திகள் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று மானேஜர் சொன்னதால், நெருப்புக்கு ஒன்றும் திருட்டுக்கு ஒன்றுமாக நானும் பாலிசி எடுத்தேன். வீட்டுக்காரர் வண்டியோடு போயிருந்த ஒரு இராத்திரி, கொல்லைக் கதவை நெம்பித் தாழ்ப்பாளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே வந்திருக்கிறார்கள். செம்புத் தவலை போயிற்று. அவருடைய ரயில்வே கோட்டு போயிற்று. அது எல்லாம் போகட்டும். காலையில் பாப்பாவைக் குளிப்பாட்டத் தூக்கினேன். இடுப்பில் வெள்ளி அரைஞாண் இல்லை. அறுத்த இடத்தில் ஒரு நகக்கீறல். பத்து மாசப் பிள்ளை என் கையை ஒட்டிப் படுத்திருந்தது. ஒரு அந்நியன் குனிந்து அதன் வயிற்றைத் தொட்டிருக்கிறான். நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மானேஜரிடம் சொன்னேன். உச்சுக் கொட்டினார். பிறகு எனக்கு எழுத வேண்டிய கடிதத்தை எனக்கே வாசித்தார், நான் அடித்தேன். வாயால் சொன்னதே போதாதா என்று கேட்டேன், ரிகார்டுக்கு ஆகாது என்றார். அது தபாலாபீசுக்குப் போய், முத்திரை வாங்கி, மறுநாள் என் வீட்டுக்கு வந்து என் கையெழுத்தை வாங்கிக்கொண்டது. க்ளெய்மை விட்டுத் தொலைத்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடு என்று வீட்டுக்காரர் ஆன மட்டும் சொன்னார். எனக்குத்தான் மனசு வரவில்லை. அரைஞாண் என் அம்மா கடைசியாகச் செய்து போட்டது. அதோடு, இத்தனை பேருக்கு 'வருத்தத்துடன்' அடித்தவளுக்கு ஒரே ஒருமுறை 'மகிழ்ச்சியுடன்' என்று ஒரு கடிதம் வருமா பார்க்கலாம் என்று ஒரு கிறுக்கு. அவர் அம்மிக்கல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கைவிளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "திருடன் சரியான டயத்துக்கு ரெண்டாந்தரம் வந்துடுவான் பாரு. உங்க சர்வேயர்தான் லேட்டு."

அம்மி நகர்ந்தது

மேலே உள்ளதை எழுதி நிறுத்தி நாலு நாளாகிறது. நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். அன்று இராத்திரி எழுதிக்கொண்டே இருந்தபோது சத்தம் நின்றுவிட்டது. காற்றும் நின்றிருந்தது, சிம்னி விளக்கின் சுடர் அசையவில்லை. பிறகு தரையில் கல் இழுபடுகிற ஒரு முனகல். நின்றது. மறுபடி முனகல். எனக்குக் கத்த வரவில்லை. பாப்பாவைக் கிள்ளினேன். ஆம், பெற்ற பிள்ளையைத் தொடையில் கிள்ளினேன். அது வீறிட்ட வீறலில் எதிர்வீட்டுச் செல்லம்மா அக்கா விளக்கேற்றிக்கொண்டு ஓடிவந்தாள். கொல்லையில் யாரும் இல்லை. அம்மிக்கல் இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது.

மறுநாள் காலை மானேஜர் மேஜை முன்னால் நின்று இதைச் சொன்னேன். சர்வேயர் இந்த மாதம் வர முடியாது என்று மதராஸிலிருந்து வந்த தபாலை அவர் அப்போதுதான் பிரித்திருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அதை மட்டும் மறுக்க மாட்டேன். யோசித்தார். பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார். "அவன் உள்ள வரலையே, அம்மா? வந்திருந்தா அது வேற கேஸ். வேற ஃபாரம் தந்திருப்பேன்."

மாட்டு வண்டியில் ஒரு கதவு

என் நாற்காலியில் போய் உட்கார்ந்து, எனக்கு நானே அடித்த கடிதத்தைக் கம்பெனி எப்படிப் படிக்குமோ அப்படிப் படித்தேன். மாற்றம் கூடாது. செப்பன் கூடாது. அப்படியே வைத்திருக்க வேண்டும். சரி. எங்கே வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. வீட்டில்தான் என்று எந்த ஷரத்திலும் இல்லை. ஆறு சூழ்ந்த ஊரில் நெருப்பு விற்கும் கம்பெனி, தான் எழுதாததற்கு யாரை நொந்துகொள்ளும்?

இன்று காலை அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஆசாரி சவரிமுத்துவைக் கூட்டிவந்தேன். பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு இத்தனை நாளாக இப்படியா இருப்பீர்கள் என்று முதலில் என்னைத் திட்டினார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். கீலைக் கழற்றிக் கதவை முழுசாக இறக்கினார். கடப்பாரைத் தழும்பு, தொங்குகிற தாழ்ப்பாள், கீழே ஒட்டியிருந்த கொல்லைச் சேறு, எல்லாம் இருந்தபடி. கைபடக் கூடாது என்று அவருடைய ஆட்கள் சாக்கைப் போட்டுப் பிடித்தார்கள். மாட்டு வண்டியில் ஏற்றித் தெப்பக்குளம் வந்து, நாலு பேராக மாடிப்படியில் தூக்கி, மானேஜர் மேஜைக்கு முன்னால் சாத்தினோம். ஜன்னல் மறைந்து ஆபீஸ் பாதி இருட்டாகிவிட்டது. நான் மிஷினில் தாளைச் சொருகி, சர்வேயர் வரும்வரை இந்தக் கதவை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே வைத்திருக்கும்படி கம்பெனியைக் கேட்டுக்கொண்டு ஒரு கடிதம் அடித்தேன். மதராஸுக்கு ஒரு நகல். என் மேஜைக்கும் அவர் மேஜைக்கும் ஆறடி தூரம். இருந்தாலும் ரிஜிஸ்டர் தபாலில்தான் போட்டேன், வாயால் சொன்னால் ரிகார்டுக்கு ஆகாது.

மானேஜருக்கு முகம் சிவந்தது. நாளைக்கு வந்து என்னைத் தனியாகப் பார் என்றார். அது என்னவென்று எனக்குத் தெரியும், வேலையை விட்டு நிறுத்தும் கடிதங்களும் நான் அடித்திருக்கிறேன். பிறகு எழுந்து வந்து, கதவை ஓரமாகத் தள்ளுவதற்குக் கையை நீட்டினார். இன்று வியாழக்கிழமை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த காசிம் ராவுத்தர், தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "தொட்டுடாதீங்க சார், க்ளெய்ம் செல்லாமப் போயிடும்."

பழைய மரக்கடையில் வாங்கிய வாகைக் கதவைச் சவரிமுத்து பொழுது சாயுமுன் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பாப்பா தூங்கிவிட்டாள், நான் எழுந்துபோய் மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் உள்ளேயிருந்து போட்டுவிட்டு வந்தேன், இந்தத் தொழிலில் நான் பார்த்ததிலேயே ஃபாரம் கேட்காமல், ஒரிஜினல் கேட்காமல், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தவை இந்த இரண்டு இரும்புத் துண்டுகள் மட்டும்தான்.